மரத்தில வைச்ச உடன செயின் சோ இழுவை விடுதோ? காபரேற்றரில கை வைக்க முதல் இதுகளைப் பாருங்கோ

சும்மா நிண்டு றேஸ் பண்ணினா ஊருக்கே கேக்கிற மாதிரி கத்தும், மரத்தில வைச்சு ரெண்டு அங்குலம் இறங்கேக்க சத்தம் அமுங்கி, செயின் நிண்டு, சிலநேரம் அப்பிடியே நூந்தும் போகும். ஐப்பசி மழைக்கு முதல் வீட்டுக் கூரைக்கு மேல சரிஞ்சு நிக்கிற மரங்களைத் தறிக்கிற காலம் வந்தா கராச்சுக்கு வாற மெசினுகளில கனக்க இந்தக் குறையோடதான் வரும், வாற ஆக்களும் அநேகமா ஒரே கதைதான் சொல்லுவினம், "அண்ணை காபரேற்றர் ஸ்குறூவை அங்கால இஞ்சால திருப்பிப் பாத்தனான், சரிவரேல்ல."

அந்த ஸ்குறூவை தயவுசெய்து கடைசிக்கு வைச்சிருங்கோ. காபரேற்றர்தான் இஞ்சினுக்குப் பெற்றோலையும் காத்தையும் கலந்து விடுறது, அதின்ர ஸ்குறூ தானாத் திரும்பிறேல்ல. போன கிழமை நல்லா வெட்டின மெசின் இண்டைக்கு இழுக்குதில்லை எண்டா இடையில மாறினது வேற என்னவோ ஒண்டு, செயின் மொட்டையாகியிருக்கும், பில்ரர் அடைச்சிருக்கும், பெற்றோல் பழசாகியிருக்கும். அதை விட்டுட்டு ஸ்குறூவை இறுக்கினா பெற்றோல் குறைஞ்சு சத்தம் கூடும், சரிவந்திட்டுது எண்டு நினைப்பீங்கள், ஆனா இது ரூ ஸ்ரோக் இஞ்சின், பிஸ்ரனுக்குப் போற ஓயில் பெற்றோலோட கலந்துதான் போகுது, பெற்றோலைக் குறைச்சா ஓயிலும் குறையும், சூடு கூடும், பிஸ்ரன் சுவரோட உரஞ்சி கீறுப்படும். சின்ன அடைப்பு ஒண்டோட போயிருக்க வேண்டிய விசயம் பிஸ்ரன் சிலிண்டர் மாத்திற செலவில வந்து நிக்கும். அதோட இழுவை குறைஞ்சு கொண்டு போகேக்க "இன்னும் ஒரு கட்டைதானே" எண்டு அமத்தி அமத்தி வெட்டுறதையும் விடுங்கோ, அப்பதான் கூடுதலான மெசின் சாகுது.

முதல்ல என்ன நடக்குதெண்டு வடிவாப் பாருங்கோ, காதைக் குடுத்துக் கேளுங்கோ. இஞ்சின் சத்தம் குறையாமல் செயின் மட்டும் நிண்டா குறை இஞ்சினில இல்லை, கிளச் வழுக்குது. சத்தமும் சேந்து அமுங்கினா, ஒண்டில் மரத்துக்குள்ள செயின் இறுகுது, இல்லாட்டி இஞ்சினுக்கு காத்தோ பெற்றோலோ போதாது. நல்லா ஓடி பத்து நிமிசத்தால மெல்ல மெல்லச் செத்து, கொஞ்சம் ஆற விட திரும்ப ஸ்ராட் வந்தா அது ராங் மூடியோ, பிளக்குக்குப் பொறி குடுக்கிற கொயிலோ. பாதிச் சொக்கில மட்டும் இழுத்து, சொக்கைத் திறக்கப் படுத்தா பெற்றோல் போதாமல் ஓடுது, இல்லாட்டி எங்கயோ காத்து இழுக்குது. இந்த நாலையும் பிரிச்சுப் பாத்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

இப்ப செயினுக்கு வருவம், இதில கொஞ்சம் ஆறுதலா நிக்கப் போறன், ஏனெண்டா இழுவை இல்லை எண்டு கொண்டு வாற மெசினுகளில கனத்தில இஞ்சின் சுகமா இருக்கும், செயின்தான் செத்திருக்கும். நிலத்தில விழுந்த தூளை ஒரு பிடி அள்ளிப் பாருங்கோ. நல்ல செயின் வெட்டினா தூள் சீவல் சீவலா, கையில எடுத்தா தனித்தனியா நிக்கும். மாவு மாதிரி பொடியா, விரலில ஒட்டிக்கொண்டு இருந்தா பல்லு மொட்டை, அது மரத்தை வெட்டேல்ல, தேய்க்குது. கீழ அமத்தாமல் மெசினின்ர பாரத்திலயே செயின் மரத்துக்குள்ள இறங்கோணும், நீங்கள் அமத்தவேண்டி வந்தா அந்த அமத்துதான் இஞ்சினை நூக்குது. வெட்டு நேராப் போகாமல் ஒரு பக்கம் வளைஞ்சு போனா ஒரு பக்கப் பல்லு மற்றப் பக்கத்தை விட மொட்டை எண்டு அர்த்தம், வளைஞ்ச வெட்டுக்குள்ள பார், அதுதான் செயின் சுத்தி ஓடுற நீட்டுத் தகடு, இறுகினாலும் இழுவை போகும்.

எங்கட ஊர் மரங்கள் செயினுக்கு நல்ல மரங்கள் இல்லை. பனையின்ர வெளிக் கறுப்பு வைரம் செயினைத் தின்னும், பனைக் குடும்ப மரங்களில நாரோட ஒட்டிக்கொண்டு சிலிக்கா நுண்ணிய துணிக்கையா இருக்கு, மணலை வெட்டுற மாதிரித்தான். வேம்பு மாமரம் வெட்டுற கணக்கை பனைக்கு வைச்சிருக்காதேங்கோ, பனை தறிக்கப் போறதெண்டா அரத்தை சேட்டுப் பையில வைச்சுக்கொண்டு போங்கோ, ஒவ்வொருக்கா பெற்றோல் விடேக்கயும் பல்லுக்கு ரெண்டு இழுவை இழுங்கோ. வேலிப் பூவரசில முள்ளுக்கம்பியும் ஆணியும் மரத்துக்கு உள்ளயே போயிருக்கும், வெளியில ஒண்டும் தெரியாது. அதை விட மோசம் செல் துண்டு. சண்டை நடந்த பக்கங்களில நிண்ட பழைய மரங்களுக்குள்ள இண்டைக்கும் இரும்பு இருக்கு, பட்டை மூடி வளந்திருக்கும். அரியிற மில்லுகளில இருக்கிற ஆக்களைக் கேட்டா கதை கதையாச் சொல்லுவினம். பட்டையில ஒரு இடம் மட்டும் முடிச்சா வீங்கியிருந்தா, இல்லாட்டி வெட்டின முகத்தில மரம் நீலக் கறுப்பா நிறம் மாறியிருந்தா அந்த இடத்தை விட்டு ஒரு முழம் தள்ளி வெட்டுங்கோ, அந்த நிறம் இரும்புக் கறள் மரத்தில ஊறினது. வெடிக்காத சாமான் எண்டு ஒரு சொட்டுச் சந்தேகம் வந்தாலும் மெசினை நிப்பாட்டிப்போட்டு பொலிசுக்குச் சொல்லுங்கோ, அதில வீரம் காட்டாதேங்கோ.

அராவிறதில ஒரு விசயம் கன பேருக்குத் தெரியாது. பல்லுக்கு முன்னால சின்ன மேடு ஒண்டு இருக்கு, றேக்கர் எண்டு சொல்லுறது, பல்லு எவ்வளவு ஆழம் கடிக்கோணும் எண்டதை அதுதான் தீர்மானிக்கும். பல்லை அராவ அராவ பல்லுப் பதியும், றேக்கர் அப்பிடியே உயர்ந்து நிண்டா செயின் மரத்துக்கு மேல வழுக்கும். அதுக்காக றேக்கரை தட்டையா அராவித் தள்ளினா ஒவ்வொரு பல்லும் தேவைக்கு மேல கடிச்சு, செயின் மரத்தில கொழுவி, இஞ்சின் படுக்கும், மெசினும் முகத்துக்கு உதைக்கும். "செயின் புதுசா அராவினது, இஞ்சின்தான் இழுக்குதில்லை" எண்டு சொல்லுற ஆக்கள் முதல் பாக்கவேண்டியது இதைத்தான். பல்லுக்கும் றேக்கருக்கும் உள்ள உயர வித்தியாசம் கூடுதலான செயினுகளுக்கு 0.65 மில்லிமீற்றர், அதுக்கெண்டு சின்னத் தகடு ஒண்டு விக்குது, வாங்கி வைச்சிருங்கோ. வட்ட அரமும் செயினுக்கு ஏற்றதா இருக்கோணும், .325 செயினுக்கு 4.8 மில்லிமீற்றர், சின்ன மெசினுகளில வாற 3/8 லோ புறொபைல் செயினுக்கு 4 மில்லிமீற்றர். சரிவு அநேகமா 30 பாகை, சந்தேகமெண்டா செயின் பெட்டியில எழுதியிருக்கிறதைப் பாத்துச் செய்யுங்கோ. எல்லாப் பல்லும் ஒரே நீளத்துக்கு வரோணும், ஆகக் கட்டையான பல்லைப் பாத்து மற்றதுகளையும் அதுக்குக் கொண்டு வாங்கோ.

செயின் கூரா இருந்தும் இறுகுதெண்டா மெசினை நிப்பாட்டி, பிளக் வயரைக் கழட்டிப்போட்டு, கையுறை போட்டு செயினைக் கையால இழுத்துப் பாருங்கோ. லேசா ஓடோணும், ஆனா கீழ தொங்கக்கூடாது. ஓடாட்டி இறுக்கம் கூட, இல்லாட்டி செயின் பிறேக் அரைவாசி பிடிச்சுக்கொண்டு நிக்குது. பக்க மூடியைக் கழட்டுங்கோ. பனை வெட்டின மெசினெண்டா அங்க என்ன இருக்குமெண்டு எனக்குத் தெரியும், கறுத்த நார் செயின் ஓயிலில ஊறி, செயினை இழுக்கிற பல்லுச் சில்லான ஸ்புறொக்கற்றைச் சுத்தி கயிறு மாதிரி இறுகி, பிறேக் பட்டிக்கும் கிளச் ட்றம்முக்கும் இடையில திணிஞ்சு போய், விரலால இழுத்தா வராமல் கத்தி விட்டுக் கிளப்பவேண்டி இருக்கும். இந்த நார்தான் இஞ்சினின்ர இழுவையில ஒரு பங்கைத் தின்னுறது. அதை எடுத்துப்போட்டு, பாரைக் கழட்டி, பள்ளத்துக்குள்ள இருக்கிற ஊத்தையை பழைய தகடொண்டால இழுத்து, ஓயில் வாற சின்ன ஓட்டையைக் கம்பி விட்டுத் துப்புரவாக்குங்கோ. பாரின்ர விளிம்பில பிசிறு வந்திருந்தா தட்டை அரத்தால எடுங்கோ. திரும்பப் பூட்டி, பார் நுனியை ஒரு காட்போட் மட்டைக்கு நேர பிடிச்சு றேஸ் பண்ணினா மட்டையில ஓயில் கோடு விழோணும். விழாட்டி செயின் காயுது, காய்ஞ்ச செயின் சூடாகி இழுவையைக் குடிக்கும். கழிவோயில் விடுற பழக்கம் எங்கட பக்கம் நிறைய இருக்கு, அதில இருக்கிற இரும்புத் தூள் ஓயில் பம்பைத் தேய்க்கும், விடாதேங்கோ. கிளச் வழுக்கிற மெசினெண்டா இதே மூடிக்குள்ளதான் காரணம், சப்பாத்து தேய்ஞ்சிருக்கும், ட்றம் நீலமாகிப் போயிருக்கும், அதுக்கு மாத்திறதுதான் வழி.

செயின் பக்கம் சரியெண்டா காத்துக்கு வாங்கோ. மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டை தூக்கச் சொன்னா ஆருக்கும் ஏலாது, மெசினுக்கும் அதுதான். ஏயர் பில்ரரைக் கழட்டி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ, வெளிச்சம் தெரியாட்டி அடைச்சுப் போச்சு. யாழ்ப்பாணத்தில வலிகாமப் பக்கச் செம்மண் புழுதி நல்லாப் பிடிக்கும், வெறும் மரத்தூளை விட இது பொல்லாதது, உள்ள போனா பிஸ்ரனை அரச்சுப்போடும். கழட்ட முதல் சொக்கை மூடுங்கோ, அப்பதான் தூசு காபரேற்றருக்குள்ள விழாது. நைலோன் வலை பில்ரரெண்டா சவர்க்காரத் தண்ணியில கழுவி நல்லாக் காய விட்டுப் பூட்டலாம், பஞ்சு மாதிரி இருக்கிறதெண்டா தட்டி ஊதி எடுங்கோ, கொம்பிறசர் காத்தை கிட்டப் பிடிச்சு அடிச்சா கிழிஞ்சுபோடும், அடிக்கிறதெண்டாலும் உள்ளுக்கு இருந்து வெளியில அடியுங்கோ. பில்ரர் இல்லாமல் "ஒருக்கா வெட்டிப் பாப்பம்" எண்டு மட்டும் ஓட்டாதேங்கோ. அந்த மூடி திறந்திருக்கேக்கயே சிலிண்டர் செட்டையளுக்க இருக்கிற தூளையும் தட்டி விடுங்கோ, சூடு வெளியில போகாட்டி மெசின் வெக்கையில களைக்கும்.

அடுத்தது பெற்றோல். 2022 இல பெற்றோல் தட்டுப்பாடு வந்து கியூஆர் கோட்டாவில அளந்து தந்த நேரம் கானில சேத்து வைக்கிற பழக்கம் வந்தது, கன வீட்டில அது இன்னும் விடேல்ல. ஓயில் கலந்த பெற்றோல் ஒரு மாசத்துக்கு மேல வைச்சிருக்கிற சாமான் இல்லை, எங்கட வெயிலுக்கு இன்னும் கெதியாப் பழுதாகும். மணந்து பாத்தா பெற்றோல் மணம் போய் வார்னிஸ் மாதிரி மணக்கும், அப்பிடியெண்டா ஊத்திப்போட்டு புதுசாக் கலவுங்கோ. எங்கட பெற்றோல் செட்டுகளில வாற 92 ஒக்ரேன் போதும், 95 விட்டா இழுவை கூடும் எண்டுறதில ஒண்டும் இல்லை.

கலவையில கண்ணால பாத்து ஊத்திறதை விடுங்கோ. 50 க்கு 1 எண்டா ஒரு லீற்றருக்கு 20 மில்லி, 5 லீற்றருக்கு 100 மில்லி. 40 க்கு 1 எண்டா லீற்றருக்கு 25, 25 க்கு 1 எண்டா லீற்றருக்கு 40. ஸ்ரில் (Stihl) கொம்பனி மெசினுக்கு அவையின்ர ஓயிலெண்டா 50 க்கு 1, மலிவான மெசினுகளில கனத்துக்கு 25 க்கு 1 எண்டு புத்தகத்தில போட்டிருக்கும், உங்கட மெசினின்ர புத்தகம் சொல்லுறதுதான் கணக்கு. மருந்துப் போத்தலோட வாற மில்லி மூடி இருந்தாக் காணும், மினக்கெட்டு அளவுங்கோ. ஓயில் கூடினா புகையும், பிளக் கறுக்கும், இழுவை குறையும், ஆனா மெசின் சாகாது. ஓயில் குறைஞ்சா சாகும்.

மண்ணெண்ணையைப் பற்றியும் சொல்லவேணும். 90 களில சண்டைக்காலத்தில வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்ட நேரம் மோட்டார் சைக்கிளையும் காரையும் மண்ணெண்ணையில ஓட்டிக் காட்டின சனம் நாங்கள், அந்தக் கெட்டித்தனத்தை நான் மதிக்கிறன். ஆனா அதைப் பாத்த ஆக்கள் செயின் சோவுக்கும் கொஞ்சம் மண்ணெண்ணை கலக்கலாம் எண்டு சொன்னா கேக்காதேங்கோ. செயின் சோ நிமிசத்துக்கு பன்னிரண்டு பதின்மூவாயிரம் சுத்துச் சுத்திற இஞ்சின், மண்ணெண்ணையின்ர ஒக்ரேன் கனக்கக் குறைவு, பாரத்தில வெடிப்பு முந்தி நடந்து பிஸ்ரன் தலை உருகும்.

பெற்றோல் நல்லதெண்டா அது காபரேற்றருக்குப் போய்ச் சேருதோ எண்டு பாக்கோணும். ராங்குக்குள்ள குழாய் நுனியில சின்ன பில்ரர் ஒண்டு தொங்கும், கம்பியை வளைச்சு கொக்கி மாதிரி விட்டு வெளியில எடுங்கோ, கறுத்திருந்தா இல்லாட்டி கையில இறுகி இருந்தா மாத்துங்கோ, மலிவான சாமான், கழுவி மினக்கெட வேண்டாம். குழாயையும் வளைச்சுப் பாருங்கோ, ரப்பர் விறைச்சு வெடிச்சிருந்தா பெற்றோலுக்குப் பதிலா காத்தை இழுக்கும். பத்து நிமிசத்தால சாகிற மெசினுக்கு ஒரு சோதனை இருக்கு, இழுவை போன உடன நிப்பாட்டி, நெருப்பு சிகரெற் ஒண்டும் கிட்ட இல்லாத இடத்தில வைச்சு ராங் மூடியை மெல்லத் தளர்த்துங்கோ, உஸ் எண்டு காத்து உள்ள போய், பிறகு மெசின் நல்லா ஓடிச்சுதெண்டா ராங்கின்ர காத்து வழி அடைச்சிருக்கு. பெற்றோல் வெளிய போகப் போக உள்ள வெறுமையாகி பெற்றோலைப் பிடிச்சு வைச்சிருக்கும், அதால பாரத்தில பட்டினி கிடக்கும். அந்தச் சின்ன வால்வைக் கழட்டித் துப்புரவாக்கினாக் காணும், காபரேற்றர் கழட்டி ரெண்டு நாள் வேலை செய்தும் பிடிபடாத குறை இதால போனதைக் கண்டிருக்கிறன்.

சைலன்சரை ஆரும் நினைக்கிறேல்ல. புகை வெளியில போற வாயில பொறி தடுக்கிற சின்ன வலை ஒண்டு சில மெசினுகளில இருக்கு, ஓயில் கூடின கலவையில ஓடினா கரி பிடிச்சு அடைக்கும், றேஸ் ஏறாது, பாரத்தில மூச்சு முட்டும். கழட்டி கம்பி பிறஸால தேய்ச்சு எடுத்துப்போட்டுப் பூட்டுங்கோ. கனநாள் பத்தியில கிடந்த மெசினெண்டா குளவி மண் வைச்சுக் கூடு கட்டியிருக்கிறதும் உண்டு.

சைலன்சரைக் கழட்டின கையோட ஓட்டைக்குள்ளால ரோச் அடிச்சு பிஸ்ரனைப் பாருங்கோ, இது முக்கியம். கயிறை மெல்ல இழுத்து பிஸ்ரனைக் கீழ மேல ஓட விடுங்கோ. பக்கம் வழுவழுப்பா, லேசாப் பழுப்பேறி இருந்தா சந்தோசம். மேலயிருந்து கீழ நேர் கீறு விழுந்து, அலுமினியம் இழுபட்டு சாம்பல் நிறமாத் தெரிஞ்சா, றிங் அசையாமல் ஒட்டிப்போயிருந்தா, இனி பில்ரரும் பிளக்கும் மாத்திறதில பிரியோசனம் இல்லை. சிலிண்டருக்குள்ள பிஸ்ரன் குடுக்கிற அமுக்கத்தை வீட்டில பாக்கிறதெண்டா ஸ்ராட்டர் கயிற்றுப் பிடியில மெசினைத் தூக்கிப் பிடியுங்கோ, நல்ல மெசின் விக்கி விக்கி மெல்ல இறங்கும், இல்லாட்டி அப்பிடியே நிக்கும், கடகடவெண்டு நிலத்துக்கு வந்தா அமுக்கம் போச்சு. அமுக்கம் குறைக்கிற பட்டன் இருக்கிற மெசினெண்டா அது அமத்தாமல் இருக்கோணும். அமுக்கம் பாக்கிற கேஜ் வைச்சுப் பாத்தா 120 பிஎஸ்ஐ (psi) க்கு மேல 150 மட்டில இருக்கிறது நல்லது, 100 க்குக் கீழ எண்டா வேலைக்கு உதவாது.

பிளக்கைக் கழட்டி நிறம் பாருங்கோ, பால்தேத்தண்ணி நிறமெண்டா சரி. கறுத்து ஈரமா இருந்தா பெற்றோலோ ஓயிலோ கூட, இல்லாட்டி பில்ரர் அடைப்பு. வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி இருந்தா பெற்றோல் குறைஞ்சு சூடாகுது, அந்த மெசினை இனி ஓட்டாதேங்கோ, காரணம் பிடிச்ச பிறகு ஓட்டலாம். இடைவெளி 0.5 மில்லிமீற்றர் மட்டில இருக்கும், புத்தகத்தோட ஒத்துப் பாருங்கோ. சூடாகின பிறகு திடீரெண்டு சுவிச் போட்ட மாதிரி நிண்டு, ஆறின பிறகு மட்டும் ஸ்ராட் வந்தா, நிண்ட உடனயே வேற பிளக் ஒண்டைப் போட்டு பெற்றோலுக்கு எட்டத் தள்ளி வைச்சு பொறி பாருங்கோ, பொறி இல்லையெண்டா கொயில்.

இவ்வளவும் பாத்து முடிச்ச பிறகும் இழுவை இல்லையெண்டா இப்ப காபரேற்றருக்குப் போகலாம். ஸ்குறூ எல்லா மெசினிலயும் இல்லை, ஸ்ரில்லின்ர எம் ரொனிக், ஹஸ்க்வர்னாவின்ர ஓட்டோ ரியூன் வந்ததுகளில கொம்பியூட்டர்தான் செய்யும். இருக்கிறதில எல் (L) எண்டது ஐடிலுக்கும், அதாவது றேஸ் குடுக்காமல் சும்மா ஓடுறதுக்கும், றேஸ் எடுக்கிறதுக்கும், எச் (H) எண்டது முழு றேஸில வெட்டுறதுக்கு. இப்ப எந்த இடத்தில இருக்கெண்டு முதல் படம் எடுத்து வையுங்கோ. மெசினைச் சூடாக்கி, கழுவின பில்ரர் பூட்டி, முழு றேஸ் குடுத்துக் கேளுங்கோ. மரத்தில வைக்காமல் இருக்கேக்க சத்தம் கொஞ்சம் கரகரத்து விட்டு விட்டு அடிக்கோணும், மரத்தில வைச்ச உடன அந்தக் கரகரப்புப் போய் சத்தம் துப்புரவாகோணும், அதுதான் சரியான இடம். மரத்திலயும் கரகரத்தா பெற்றோல் கூட, எச் ஸ்குறூவை வலப்பக்கம் ஒரு சுத்தில எட்டில ஒரு பங்கு மட்டும் திருப்பிக் கேளுங்கோ. சும்மா றேஸிலயே கீச்செண்டு ஒரே சீராக் கத்தினா பெற்றோல் குறைவு, உடன இடப்பக்கம் திறவுங்கோ. அப்பிடித் திறந்தும் மாறாட்டி, ஐடில் ஒருநாள் கூடி ஒருநாள் குறைஞ்சு ஓடினா, காபரேற்றரையும் சிலிண்டரையும் இணைக்கிற ரப்பர் வெடிச்சிருக்கும் இல்லாட்டி கிராங்க் ஓயில் சீல் போயிருக்கும். காபரேற்றருக்குள்ள இருக்கிற டயபிறம் எண்ட மெல்லிய சவ்வு விறைச்சாலும் இதே மாதிரிக் காட்டும், அதுக்கு கிற் வாங்கி மாத்தலாம், ஆனா சீல் பழுதைக் கண்டுபிடிக்க காத்து அடைச்சு அமுக்கம் நிக்குதோ எண்டு பாக்கிற பம்ப் வேணும். கராச்சுக்குக் குடுக்கேக்க "பிறசர் ரெஸ்ற் பண்ணிப் பாத்தனீங்களோ" எண்டு கேளுங்கோ. புது பிஸ்ரன் போட்டுத் தந்தவை எண்டாலும் இதைக் கேக்கத்தான் வேணும், பழைய பிஸ்ரன் கீறுப்பட்ட காரணம் அந்தச் சீலா இருந்தா புதுசும் அதே இடத்தில கீறுப்படும்.